உஷார்! ரிசால்வ்.கான்ஃப்பில் கை வைக்கும் முன்

வைஃபை சின்னம் முழுசாகத் தெரிகிறது. போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது. லினக்ஸ் கணினியில் மட்டும் ஒரு தளமும் திறக்கவில்லை. டெர்மினலைத் திறந்தால் 'டெம்பரரி ஃபெய்லியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்று ஒற்றை வரி. அந்த வரியைப் போனில் தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மூன்றே மூன்று கட்டளை: ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பை அழி, அதே பெயரில் புதுக் கோப்பு உண்டாக்கி 8.8.8.8 என்று எழுது, யாரும் மாற்ற முடியாதபடி அதைப் பூட்டு. காப்பி அடித்து ஒட்டினால் நெட் வந்துவிடும். வந்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்தே. தயவுசெய்து அந்த என்டரைத் தட்டாதீர்கள்.

இதை இப்போது இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் மின்ட்டும் உபுண்டுவும் நல்ல வழிதான். நானே பலருக்குச் சொல்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இந்த டிஎன்எஸ். அதுவும் சூடோ அதிகாரத்தோடு விழுகிறார்கள்.

டிஎன்எஸ் என்றால் பெயரைக் கொடுத்து எண்ணை வாங்குவது, அவ்வளவுதான். உங்கள் வங்கியின் தளப் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய ஐபி எண் என்ன என்று கணினி யாரையோ கேட்கிறது. அந்த 'யாரோ', அதாவது ரிசால்வர், சொல்கிற எண்ணுக்குத்தான் உங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் போகும். ஆகவே ரிசால்வர் செட்டிங்கை மாற்றுவது என்பது வேகத்துக்காகச் செய்யும் சின்ன டிங்கரிங் வேலை இல்லை. யார் சொல்லை நம்புவது என்பதை மாற்றுகிறீர்கள்.

அதை மாற்றியே பிழைத்த கூட்டம் ஒன்று இருந்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ விசாரணையின் பேரில் எஸ்தோனியாக்காரர்கள் ஆறு பேர் மீது அமெரிக்காவில் வழக்குப் போடப்பட்டது. அவர்கள் பரப்பிய டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கணினிகள் வரை தொற்றியிருந்தது. அது கோப்புகளை அழிக்கவில்லை, திரையைப் பூட்டவில்லை. முக்கியமாக டிஎன்எஸ் சர்வர் எண்ணை மாற்றியது. மாற்றிய பிறகு எந்தத் தளத்துக்கு யார் போக வேண்டும் என்பதை அந்தக் கூட்டம் முடிவு செய்தது. பிடிபட்ட உடனே அவர்களுடைய சர்வர்களை நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் நெட் போய்விடும். நீதிமன்ற உத்தரவின் பேரில் மாற்றுச் சர்வர்களை வைத்து ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள்.

'அது விண்டோஸ், மேக் கணினிகளுக்கு வந்த நிரல், என்னிடம் இருப்பது லினக்ஸ்' என்று நிம்மதி அடையாதீர்கள். அதே நிரல் வீட்டு ரௌட்டருக்குள்ளும் நுழைந்து எண்ணை மாற்றப் பார்த்தது. 2018-இல் பிரேசிலில் கோஸ்ட்டிஎன்எஸ் என்று பெயரிடப்பட்ட தாக்குதல் ரௌட்டர்களை மட்டுமே குறி வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரௌட்டர்கள் மாட்டின. வங்கிப் பெயரைத் தட்டியவர்களுக்குப் போலிப் பக்கம் வந்தது. ரௌட்டர் பொய் சொன்னால், அதைக் கேட்கிற கணினியில் ஓடுவது லினக்ஸா வேறு ஏதாவதா என்பது பொருட்டே இல்லை.

சரி, அந்த மூன்று கட்டளைக்கு வருவோம். உபுண்டு, மின்ட், 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதல் ஃபெடோரா, எல்லாவற்றிலும் பெயர் தேடும் வேலையைச் செய்வது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை. ஈடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் அங்கே உண்மையான கோப்பே இல்லை. ரன் அடைவில் இந்தச் சேவை எழுதி வைத்திருக்கும் வேறொரு கோப்பைக் காட்டும் சிம்லிங்க். திறந்து பாருங்கள், தலைப்பிலேயே 'டூ நாட் எடிட்' என்று கமெண்ட் இருக்கும். கீழே நேம்சர்வர் 127.0.0.53 என்று ஒரு வரி. அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் முகவரி, 'ஸ்டப்' என்பார்கள். இதைப் பார்த்து 'ஏதோ வைரஸ் மாற்றிவிட்டது' என்று பதறி அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பதற வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே நேராக எழுதினால் கணினியை அடுத்த முறை இயக்கும்போது போய்விடும், ஏனென்றால் ரன் அடைவு நினைவகத்தில் இருப்பது. போய்விடுகிறதே என்ற எரிச்சலில்தான் சிம்லிங்க்கை அழித்து, சொந்தக் கோப்பு வைத்து, சாட்டர் கட்டளையால் பூட்டு போடும் யோசனை பிறந்தது.

பூட்டியது மறந்து போகும். இதுதான் நான் பார்க்கும் வழக்கமான கதை. ஆறு மாதம் கழித்து அலுவலக விபிஎன் போடுவீர்கள். விபிஎன் தன் டிஎன்எஸ்ஸைச் சொல்லிக் கொடுக்க வரும், கோப்பு இடம் கொடுக்காது. அலுவலக உள் சர்வர் பெயர் எதுவும் திறக்காது. அதோடு முடியாது, உள்ளுக்குள் மட்டும் தெரிய வேண்டிய அந்தப் பெயர்கள் எல்லாம் வெளியே உள்ள ஒரு பொதுச் சர்வருக்குக் கேள்வியாகப் போய்க்கொண்டிருக்கும். ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ வைஃபை போட்டால் லாகின் பக்கம் வராமல் போகலாம். பல இடங்களில் அந்த வலையமைப்பு தன் டிஎன்எஸ் வழியாக உங்களை அந்தப் பக்கத்துக்கு அனுப்பும். வெளியே போகும் கேள்விகளை அது தடுத்தால் உங்களுக்கு எதுவுமே திறக்காது. சரி செய்யலாம் என்று ரூட் ஆக நின்று கோப்பைத் திருத்தினாலும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று முகத்தில் அடிக்கும். ரூட்டுக்கே அனுமதி இல்லையா என்று குழம்பி, கணினியையே ஃபார்மட் செய்தவர் உண்டு. எல்எஸ்ஏட்டர் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் ஒரு 'ஐ' எழுத்து தெரியும். அதுதான் பூட்டு. சாட்டர் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்தால் திறக்கும். பிறகு பழைய சிம்லிங்க்கை மறுபடி உண்டாக்கி, ரிசால்வ்டு சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதைவிட மோசமான யோசனை ஒன்றும் சுற்றுகிறது: 'ரிசால்வ்டு சேவையையே டிஸேபிள் செய்துவிடு.' வீட்டில் விளம்பரத் தடுப்புக்காக பை-ஹோல் போடுகிறவர்கள், 53-ஆம் போர்ட்டை ரிசால்வ்டு பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்ததும் இதைச் செய்கிறார்கள். சேவை நின்ற அந்தக் கணமே 127.0.0.53-இல் பதில் சொல்ல ஆள் இல்லை. நெட் செத்துவிடும். அடுத்துப் போட வேண்டிய மென்பொருளை இறக்க ஏபிடி ஓட்டினால் அதற்கும் பெயர் கிடைக்காது. ரிசால்வ்டின் கான்ஃப் கோப்பில் டிஎன்எஸ்ஸ்டப்லிஸனர் என்ற ஒரு வரியை 'நோ' ஆக்கி, சிம்லிங்க்கை ஸ்டப் இல்லாத மற்றொரு ரிசால்வ்.கான்ஃப்புக்குத் திருப்பினால் போர்ட் விடுபடும், சேவையும் உயிரோடு இருக்கும். அதைச் செய்யுங்கள்.

முதலில் எங்கே கோளாறு என்று பாருங்கள். பத்து நிமிடம் ஆகாது.

பிங் 1.1.1.1 என்று எண்ணை நேராக அடியுங்கள். பதில் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, பெயர் தேடலில்தான் சிக்கல். பதில் வராவிட்டால் டிஎன்எஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள், கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். கேபிள், ரௌட்டர், சேவை நிறுவனம் என்று வரிசையாகப் பாருங்கள். அடுத்து டேட் கட்டளையால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், பல மாதம் மூடி வைத்துத் திறக்கும்போது தேதி பின்னால் நிற்கும். டிஎன்எஸ் பதில் உண்மையானது என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்கும், மறையாக்கம் செய்த டிஎன்எஸ்ஸின் சான்றிதழுக்கும் காலக்கெடு உண்டு. தேதி தப்பாக இருந்தால் நல்ல பதிலையே பொய் என்று தள்ளிவிடும். தேதியைக் கையால் திருத்தினாலே நெட் வந்துவிடும் கேஸ்கள் இவை.

அதன் பிறகு ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ். இந்தக் கட்டளை தரும் பதிலைப் பொறுமையாகப் படியுங்கள். மேலே 'குளோபல்' என்று ஒரு பகுதி. அதில் 'ரிசால்வ்.கான்ஃப் மோட்' என்ற இடத்தில் 'ஸ்டப்' என்று இருந்தால் கோப்பு அதன் இயல்பில் இருக்கிறது. 'ஃபாரின்' என்று இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், அந்தக் கோப்பைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறது. உடனே விசாரியுங்கள். கீழே ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பகுதி இருக்கும்: லேன் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, விபிஎன் இருந்தால் அதற்கும். 'கரன்ட் டிஎன்எஸ் சர்வர்' என்ற வரியில் உள்ள எண்தான் இப்போது உங்களுக்குப் பதில் சொல்லும் ஆள். பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 போல ரௌட்டரின் எண் இருக்கும். வேறு ஏதோ அறியாத எண் இருந்தால், அதை நீங்கள் போட்டீர்களா, வீட்டில் யாராவது போட்டார்களா என்று கேளுங்கள். யாரும் போடவில்லை என்றால் அந்தக் கணினியில் அன்று வங்கி வேலை பார்க்காதீர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வாய்க்கு வந்தபடி இருபது எழுத்தைத் தட்டி, கடைசியில் டாட் காம் சேர்த்து, அப்படி ஒரு பெயரை ரிசால்வ்சிடிஎல் குவெரி கட்டளையால் கேளுங்கள். 'கிடைக்கவில்லை' என்று வர வேண்டும். இல்லாத பெயருக்கும் ஓர் எண் பதிலாக வந்தால், நடுவில் யாரோ பதிலை மாற்றுகிறார்கள். விளம்பரப் பக்கம் காட்டுவதற்காகச் சேவை நிறுவனங்கள் செய்வதும் உண்டு, திருட்டு நோக்கத்தில் செய்வதும் உண்டு. இரண்டில் எது என்று தெரியும் வரை நம்பாதீர்கள். ஆனால் ஒன்று: ஒரு பெரிய தளத்துக்கு இரண்டு டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டு வெவ்வேறு எண் சொன்னால் அது திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிய தளங்கள் ஊருக்கு ஊர் வேறு சர்வரில் இருந்து ஓடுகின்றன. எண் மாறுவது அங்கே சகஜம்.

டிக் கட்டளை சரியான பதில் தருகிறது, மற்ற நிரல்களுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை என்றால் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்ற கட்டளையால் கேட்டுப் பாருங்கள். டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். கெட்என்ட், மற்ற நிரல்களைப் போலவே, முதலில் ஈடிசி அடைவில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். யாரோ கொடுத்த ஸ்கிரிப்டை சூடோவில் ஓட்டியிருந்தால், அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பில் நீங்கள் எழுதாத வரி ஒன்று ஒளிந்திருக்கலாம். அதில் வங்கி, மெயில், அப்டேட் சர்வர் பெயர் ஏதாவது இருந்தால் அபாய மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். ஃபயர்பாக்ஸ் மட்டும் வேலை செய்து மற்றதெல்லாம் செத்துக் கிடந்தால் காரணம் வேறு: பிரவுசருக்குள் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' ஓடிக்கொண்டிருக்கலாம். அது உங்கள் கணினியின் ரிசால்வரைக் கேட்பதே இல்லை. பிரவுசர் திறக்கிறதே என்று கணினி நலமாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது, பாதுகாப்பு அப்டேட் வாரக்கணக்கில் வராமலே நிற்கும்.

வேறு டிஎன்எஸ் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் தற்காலிகமாகப் போடுங்கள். ரிசால்வ்சிடிஎல் டிஎன்எஸ் என்று எழுதி, ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸில் தெரியும் வைஃபை இன்டர்ஃபேஸின் பெயரையும் 9.9.9.9 என்ற எண்ணையும் கொடுத்தால் உடனே அமலாகும். சரிப்படவில்லையா, ரிசால்வ்சிடிஎல் ரிவெர்ட் கொடுத்து, இணைப்பை ஒரு முறை துண்டித்துச் சேர்த்தால் பழையபடி ஆகிவிடும். கோப்பில் ஒரு எழுத்து மாறாது. சரிப்பட்டால் நிரந்தரமாக்க நெட்வொர்க் செட்டிங்ஸ் போதும்: அந்த வைஃபைக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரச் சின்னத்தைத் தட்டி, ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ் 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்து, எண்ணை எழுதி, இணைப்பை ஒரு முறை துண்டித்துச் சேர்க்க வேண்டும். ஐபிவி6 பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். இந்தியாவில் ஐபிவி6 பரவலாக வந்துவிட்டது. ரௌட்டர் அந்த வழியாகவும் ஒரு டிஎன்எஸ் எண் கொடுக்கும். ஐபிவி4-ஐ மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவரின் கேள்விகள் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருக்கலாம். ரிசால்வ்டின் கான்ஃப் கோப்பில் குளோபல் டிஎன்எஸ் எழுதுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அது ரௌட்டர் கொடுத்த எண்ணை நீக்காது, அதன் பக்கத்தில் சேர்ந்து நிற்கும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஆபாசத் தளங்களைத் தடுக்க கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 என்ற எண்ணைப் போடுகிறார்கள், நல்லது. இரண்டாவது எண்ணாக 'பேக்அப்' என்று 8.8.8.8 போடுகிறார்கள். தடுப்பு அதோடு ஓட்டையாகிவிடுகிறது. முதல் சர்வர் ஒரு முறை தாமதித்தால் போதும், ரிசால்வ்டு இரண்டாவதற்குத் தாவும். தாவிய பிறகு, அந்த இரண்டாவது சர்வர் வேலை செய்யும் வரை அங்கேயே இருக்கும். தானாகத் திரும்பி வராது. தடுப்பு இருப்பதாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், அன்று முழுக்க எதுவும் தடுக்கப்பட்டிருக்காது. இரண்டாவது எண்ணாகத் தடுப்பு உள்ள 1.0.0.3-ஐயே போடுங்கள். ரிசால்வ்டு இல்லாத டெபியன் போன்றவற்றில் வேறு விதமான தொல்லை: அங்கே ஒவ்வொரு கேள்வியும் பட்டியலில் உள்ள முதல் எண்ணுக்கே போகும், பதில் வராவிட்டால் ஐந்து விநாடி காத்திருந்துதான் அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொரு தளமும் சரியாக ஐந்து விநாடி திணறி, பிறகு சட்டென்று திறந்தால், பட்டியலில் முதலில் இருப்பது செத்த எண் என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்று எண்ணுக்கு மேல் எழுதினால் மிச்சத்தை அது கண்டுகொள்வதும் இல்லை.

இவ்வளவு பார்த்தும் பதிலில் சந்தேகம் இருந்தால் ரௌட்டருக்குள் போங்கள். கணினியில் 192.168.1.1 என்று தெரிவதால் மட்டும் எதுவும் உறுதியாகாது. ரௌட்டர் அந்தக் கேள்வியை யாரிடம் கொண்டுபோகிறது என்பது அதன் உள்பக்கத்தில்தான் தெரியும். வான் பக்கத்திலும் டிஹெச்சிபி பக்கத்திலும் உள்ள டிஎன்எஸ் எண்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் சேவை நிறுவனத்தைக் கேட்டு ஒத்துப் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றே, இப்போதே மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்வதற்கு முன் மட்டும் சேவை நிறுவனத்தின் ஆளிடம் பேசிவிடுங்கள். ஃபைபர் இணைப்பின் லாகின் விவரமும் சேர்ந்து அழிந்தால், அவர் வரும் வரை வீட்டில் நெட் இருக்காது.

கடைசித் தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது, அதை நீங்களே இடிக்காதீர்கள். 2018 ஏப்ரல் 24 அன்று மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ தளத்தின் டிஎன்எஸ் பதிலைத் திருடர்கள் இணைய வழித்தட அளவிலேயே கடத்தினார்கள். நல்ல பெயருள்ள பொது டிஎன்எஸ் சர்வர்களும் அந்த நேரத்தில் தவறான எண்ணைச் சொன்னன. ஆனால் போலித் தளத்திடம் உண்மையான சான்றிதழ் இல்லை, பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. அதைத் தாண்டி 'பரவாயில்லை, போ' என்று தட்டி உள்ளே போனவர்கள்தான் பணத்தை இழந்தார்கள். மொத்தம் சுமார் 1,50,000 டாலர் மதிப்பு. வங்கித் தளத்திலோ மெயிலிலோ அந்த எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ்டு பட்டனைத் தேடாதீர்கள், ஜன்னலை மூடுங்கள். போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எச்சரிக்கை இல்லாமல் திறந்தால், உங்கள் வீட்டு வலையமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏற்கெனவே அந்தப் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்ட் தட்டியிருந்தால், அதே மொபைல் டேட்டாவில் அதை மாற்றி, வங்கிக்குச் சொல்லி, பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். லினக்ஸைச் சரி செய்வது அதற்கப்புறம்.